வீட்டில் தனியாக முழுநீளப் பின்வளைவு வகுப்பு: இடுப்பு பிடிக்கிறது, ராத்திரி தூக்கமும் வரவில்லை

பாயான்பாரு
எல்லாருக்கும் வணக்கம். பினாங்கிலிருந்து எழுதுகிறேன். வயது 38, பெண். பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் வேலை. பாதி நாள் மெஷின் பக்கம், மீதி நாள் கணினி முன்னால்.

யோகா சில வருடங்களாகச் செய்கிறேன். வகுப்பு பட்டர்வொர்த் பக்கம். வேலை முடிந்து பாலத்தைத் தாண்டிப் போவதற்குள் வகுப்பே பாதி முடிந்துவிடும் என்பதால், மாஸ்டர் ஒரு வகுப்பை வீடியோவாகப் பதிவு செய்து அனுப்பியிருக்கிறார். தொண்ணூறு நிமிடம், முழுக்கப் பின்வளைவுதான். குப்புறப் படுத்து எழும் புஜங்காசனம், சலபாசனம், தனுராசனம், மண்டியிட்டுப் பின்னால் வளையும் உஷ்ட்ராசனம், அப்புறம் கையும் காலும் ஊன்றி உடம்பை வில்லாகத் தூக்கும் சக்கராசனம் திரும்பத் திரும்ப, கடைசியில் மண்டியிட்டபடி பின்னால் வளைந்து கையால் காலைப் பிடிக்கும் கபோதாசனம். பிள்ளைகளைப் படுக்க வைத்துவிட்டு ஹாலில் சோபாவை நகர்த்தி, ஒன்பது மணிக்கு மேல் தொடங்குவேன்.

செய்யும்போது நன்றாகத்தான் இருக்கிறது. நெஞ்சு திறந்த மாதிரி, எட்டு மணிநேரம் குனிந்து உட்கார்ந்த உடம்பு மறுபடி நிமிர்ந்த மாதிரி. ஆனால் சக்கராசனத்திலிருந்து இறங்கும்போது கீழ் இடுப்பில் ஒரு கிள்ளல். படுத்தால் ஒரு மணிவரை கண் மூடவில்லை, நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டே இருக்கிறது. மாஸ்டரிடம் கேட்டால் "பழகிவிடும்" என்கிறார். தனியாகச் செய்கிறவர்கள் யாராவது இருக்கிறீர்களா? எதை மாற்ற வேண்டும்?

செந்தூல்_பழசு
தங்கச்சி, முப்பத்தெட்டு வயதில் சக்கரமாக வளைந்து யாருக்குக் காட்டப் போகிறீர்கள்? காலையில் சூரிய நமஸ்காரம் பன்னிரண்டு போட்டுவிட்டு ரோட்டி சானாய் சாப்பிடப் போங்கள். நான் தித்திவங்சா ஏரியைச் சுற்றி நடக்கிறேன், எனக்கு ஒரு கிள்ளலும் இல்லை.

கயிறும்_நாற்காலியும்
அண்ணே, நடப்பதற்கும் இதற்கும் சண்டை இல்லை. அவங்க கேட்டதற்குப் பதில் சொல்வோம்.

பாயான்பாரு, நான் கோலாலம்பூரில் பி.கே.எஸ். ஐயங்கார் முறை யோகா படித்து, இப்போது வீட்டிலேயே சிறு வகுப்பு எடுக்கிறேன். உங்கள் பட்டியலைப் பார்த்தவுடன் கண்ணில் பட்டது, தொடைக்கும் தோளுக்கும் ஒன்றுமே இல்லை. நேராகப் புஜங்காசனத்தில் இறங்குகிறது.

முதுகெலும்பு எல்லா இடத்திலும் ஒரே மாதிரி வளையாது. கழுத்தில் 7, நடுமுதுகில் 12, இடுப்பில் 5 முள்ளெலும்புகள். நடுமுதுகின் பன்னிரண்டோடும் விலா எலும்புகள் சேர்ந்திருக்கின்றன. அதோடு அங்கே பின்னால் நீட்டியிருக்கும் முட்கள் ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்து கிடப்பதால் பின்னால் போக இடம் குறைவு. இடுப்பிலும் கழுத்திலும் அந்தத் தடை இல்லை. அதனால் "வளை" என்று சொன்னவுடன் உடம்பு எது சுலபமோ அதைத்தான் வளைக்கும். எட்டு மணிநேரம் உட்கார்ந்து தொடையின் முன்பக்கமும் இடுப்பு மடிப்பும் இறுகியிருந்தால், மொத்தக் கணக்கும் கீழ் இடுப்பின் தலையில்தான் விழும்.

வகுப்பறையில் மாஸ்டர் வந்து தொடையை ஒரு தட்டு தட்டுவார், "காலை அழுத்து" என்பார். வீட்டில் யார் சொல்வார்கள்? அந்த வேலையைச் சுவரும் போர்வையும் நாற்காலியும்தான் செய்ய வேண்டும்.

நான் வீட்டில் செய்கிற விதம். முதலில் ஒரு போர்வையை இறுக்கிச் சுருட்டி, தோள்பட்டை எலும்புகளின் கீழ்முனை படும் இடத்தில் குறுக்கே வைத்து மல்லாந்து படுப்பேன். இடுப்புக்கு அடியில் இல்லை, அதற்கு நன்றாக மேலே. ஐந்து நிமிடம் சும்மா கிடந்தால் நடுமுதுகு இளகும். பிறகு அதோமுக சுவானாசனம் (கையும் காலும் ஊன்றிப் புட்டத்தை மேலே தூக்கி நிற்பது). அதற்குப் பிறகு ஒரு முழங்காலைச் சுவரோரம் போர்வையில் வைத்து, கணைக்கால் சுவரில் நிமிர்ந்து நிற்க, இன்னொரு காலை முன்னால் வைத்து நிமிர்வது. தொடை முன்பக்கம் கத்தும், கத்தட்டும். பிறகுதான் சலபாசனம், புஜங்காசனம்.

உஷ்ட்ராசனத்தைச் சுவரைப் பார்த்துச் செய்து பாருங்கள். தொடையும் இடுப்பெலும்பும் சுவரில் ஒட்டியிருக்க வேண்டும். பின்னால் போகும்போது தொடை சுவரை விட்டு விலகினால், அங்கேயே நிறுத்திவிட்டுக் கைகளைக் குதிகாலுக்குப் பதில் பிளாக்கின்மேல் (செங்கல் அளவு யோகா கட்டை) வையுங்கள். பிளாக் இல்லையென்றால் தடித்த புத்தகம் இரண்டு. சுவர் பொய் சொல்லாது.

வலிக்குது_சார்
கிள்ளானில் பிசியோவாக இருக்கிறேன். ஆசனத்துக்கு முன்னால் சில கேள்விகள். வலிக்கும் இடத்தை ஒரு விரல் நுனியால் காட்ட முடிகிறதா, அல்லது உள்ளங்கை அகலத்துக்குப் பரவியிருக்கிறதா? நடுவிலா, ஒரு பக்கமாகவா? புட்டத்துக்கோ காலுக்கோ இறங்குகிறதா? மரத்துப் போகிறதா? சிறுவயதில் ஜிம்னாஸ்டிக்ஸ், நடனம் ஏதாவது? ரத்த அழுத்தம், கண் அழுத்தம்?

பாயான்பாரு
விரலால் காட்ட முடிகிறது. நடுவில்தான், இடுப்புப் பட்டை கட்டும் இடத்துக்குச் சற்றுக் கீழே. காலுக்கு இறங்கவில்லை, மரத்துப் போகவும் இல்லை. மறுநாள் மதியத்துக்குள் போய்விடுகிறது. அழுத்தமெல்லாம் தொழிற்சாலைப் பரிசோதனையில் சரியாகத்தான் இருந்தது. சிறுவயதில் ஒரு விளையாட்டும் இல்லை, டியூஷன்தான்.

வலிக்குது_சார்
நன்றி. பார்க்காமல் இன்னதென்று முடிவு சொல்ல மாட்டேன். பொதுவாக, பின்னால் வளையும்போது முள்ளெலும்புகளின் பின்புறம் இருக்கும் சிறு மூட்டுகள் ஒன்றோடொன்று நெருக்கப்படும். ஒரே இடத்தில் வளைவு குவிந்தால் அங்கே உறுத்தும். மேலே அக்கா சொன்னதுபோல வளைவைப் பரப்பினால் பல பேருக்குக் குறைந்துவிடும்.

ஆனால் அலட்சியமும் வேண்டாம். இடுப்பின் கடைசி முள்ளெலும்பில் மெல்லிய எலும்புக் கீறல் விழுவது பின்னால் வளைந்து வளைந்து பயிற்சி செய்கிறவர்களிடம் அதிகம். ஜிம்னாஸ்டிக்ஸ் பிள்ளைகள், கிரிக்கெட் வேகப்பந்து வீச்சாளர்கள் இதற்குப் பேர்போனவர்கள். வளர்கிற வயதில்தான் பெரும்பாலும் வரும். பெரியவர்களுக்கும் பழைய கீறல் தெரியாமல் இருக்கலாம். எனவே வலி வாரக்கணக்கில் தொடர்ந்தால் பதிவை மூடிவைத்துவிட்டுக் கிளினிக் கெசிஹாத்தானில் (அரசாங்கச் சுகாதார கிளினிக்) டாக்டரைப் பாருங்கள். அவர் எழுதிக் கொடுத்தால் அரசாங்க மருத்துவமனை பிசியோவுக்கே போகலாம்.

கால் பலமிழப்பது, தொடை இடுக்கில் உணர்ச்சி குறைவது, சிறுநீர் மலம் கட்டுப்பாடு போவது, இதில் எது வந்தாலும் அன்றைக்கே அவசரப் பிரிவு. காலைவரை காத்திருக்கக் கூடாது.

படிக்கிற மற்றவர்களுக்கு ஒன்று. "முதுகு வலியா, புஜங்காசனம் போடு" என்று வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. முதுகெலும்பு வட்டு (டிஸ்க்) பிதுங்கியவர்களில் பல பேருக்குப் பின்னால் வளைவது இதம் தரும், உண்மைதான். நியூசிலாந்து பிசியோ ராபின் மெக்கன்சியின் முறையில்கூடக் குப்புறப் படுத்துக் கையூன்றி எழும் பயிற்சி இருக்கிறது, பார்க்கப் புஜங்காசனம் மாதிரியேதான். ஆனால் வயதாகித் தண்டுவடக் குழாய் குறுகியவர்களுக்குப் பின்னால் வளைந்தால் குழாய் இன்னும் குறுகும், கால் குடையும். ஒருவருக்கு மருந்தானது அடுத்தவருக்கு வினை.

செந்தூல்_பழசு
எனக்கு அந்தக் குறுகல்தான். கொஞ்ச நேரம் நின்றால் கால் குடையும், குனிந்து உட்கார்ந்தால் சரியாகும். ஏரியைச் சுற்றி நடக்கும்போதும் பெஞ்சு பெஞ்சாக உட்கார்ந்துதான் நடக்கிறேன். டாக்டர் பின்னால் வளையாதே என்றார். அதனால்தான் முதலில் அப்படிச் சொன்னேன்.

அஷ்டாங்கி
செராஸிலிருந்து. நானும் வீட்டில்தான். 2020 மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்ததிலிருந்து ஜூம்தான், அப்படியே பழகிவிட்டது.

அக்கா, எனக்கு ஒரு மாற்றுக் கருத்து. இவ்வளவு முட்டுக்கொடுத்தால் உடம்பு எப்போது பலமாகும்? எங்கள் அஷ்டாங்க முறையில் நாற்காலி கிடையாது, சுவர் கிடையாது. சக்கராசனம் போட்டதும் நேராகப் பச்சிமோத்தானாசனம் (காலை நீட்டி உட்கார்ந்து முன்னால் மடிவது), பத்து மூச்சு. பின்னால் வளைந்த இடுப்பு முன்னால் மடிந்தவுடன் அப்படியே ஆறிவிடும். கிள்ளல் தானாகப் போய்விடும். இன்னொன்று, சக்கராசனத்தில் புட்டத்தை இறுக்கக் கூடாது என்று எங்கள் டீச்சர் சொல்வார். பாயான்பாரு இறுக்குகிறாரோ என்று தோன்றுகிறது.

கயிறும்_நாற்காலியும்
தம்பி, பலம் முதலில் சலபாசனத்தில் வரும். கையை ஊன்றாமல் நெஞ்சையும் காலையும் தூக்கி நிறுத்துவதுதான் முதுகுத் தசைக்கான வேலை. சக்கராசனத்தில் கையும் காலும் தரையைத் தள்ளும்போது, பலமில்லாத நடுமுதுகு தப்பித்துக்கொள்ள நிறைய வழி உண்டு.

முன்மடிப்பு விஷயத்தில் வேடிக்கை என்னவென்றால் மூன்று வழிகளைத் தந்தவர்களும் ஒரே ஆசிரியரிடம் படித்தவர்கள். மைசூரில் கிருஷ்ணமாச்சாரியாரிடம் 1930-களில் ஐயங்காரும் படித்தார், பட்டாபி ஜோயிஸும் படித்தார். பிறகு அவர் சென்னைக்கு வந்து, மகன் தேசிகாச்சாரும் அவரிடமே கற்றார். ஜோயிஸ் வழியில், அதாவது உங்கள் அஷ்டாங்கத்தில், சக்கராசனம் முடிந்ததும் பச்சிமோத்தானாசனம். சென்னை வழியில் ஒவ்வொரு பெரிய ஆசனத்துக்கும் மாற்றாசனம் என்று ஒன்று உண்டு, அது பெரும்பாலும் மென்மையாகத்தான் இருக்கும். முழங்காலை வயிற்றுக்கு இழுத்துக்கொண்டு கிடப்பது மாதிரி. எங்கள் ஐயங்கார் வழியில் உச்சத்திலிருந்து எதிர் உச்சத்துக்கு உடனே போக வேண்டாம் என்பார்கள். முதலில் இடுப்பு நேர்நிலைக்கு வரட்டும், பிறகு மெல்லிய முறுக்கல், பாரத்வாஜாசனம், அப்புறம் அதோமுக சுவானாசனம். ஆழமான முன்மடிப்பு அன்றைக்கே தேவையென்றால் கடைசியில்.

யார் சரி என்று நான் தீர்ப்புச் சொல்லவில்லை. ஆனால் ஏற்கெனவே கிள்ளுகிற இடுப்பை ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குச் சட்டென்று இழுப்பதை நான் என் வகுப்பில் விடமாட்டேன்.

வலிக்குது_சார்
புட்டத்தைப் பற்றி. இடுப்பு மூட்டை விரிக்கிற பெரிய தசையே அதுதான், அதை அணைத்துவிட்டு வளை என்றால் வேலையை இடுப்பு முள்ளெலும்புதான் வாங்கும். பிரச்சினை இறுக்குவதில் இல்லை. அந்தத் தசை தொடையை வெளிப்பக்கம் திருப்பவும் செய்யும். அதனால் முழங்கால் அகல்கிறது, பாதம் வாத்து மாதிரி வெளியே திரும்புகிறது. முழங்கால்களுக்கு நடுவே ஒரு பிளாக்கை வைத்து, நழுவாமல் பிடித்துக்கொண்டு எழுந்தால் இரண்டும் தீரும். வலிக்காமல் இருந்தால் இறுக்கலாம், விடலாம், சண்டை வேண்டாம்.

தட்டுக்கழி
பெட்டாலிங் ஜெயாவில் பரதம் சொல்லிக் கொடுக்கிறேன். என்னிடம் வரும் பெண்களில் சிலருக்கு எலும்பே இல்லையோ என்று தோன்றும், முதல் நாளே சக்கராசனம் போட்டுவிடுவார்கள். எனக்குக் கவலை அவர்கள்மேல்தான். விறைப்பான பிள்ளை பாதியில் நின்றுவிடும், நெகிழ்ந்த பிள்ளை நிற்கவே நிற்காது. மேடையில் அழகாகத் தெரியும். பக்கவாட்டில் நின்று பார்த்தால் முழு வளைவும் இடுப்பில் ஒரே இடத்தில் மடிந்து, மேல்முதுகு பலகை மாதிரி நேராக இருக்கும்.

எனவே பாயான்பாரு, போனை முன்னால் வைக்காதீர்கள். பக்கத்தில், தரையிலிருந்து முழங்கால் உயரத்தில், ஒரு ஸ்டூலில் வைத்துப் படம் எடுங்கள். மூன்று விஷயம் பாருங்கள். வளைவு ஒரே வில்லாகப் போகிறதா, நடுவில் முறிகிறதா? முழங்கை நேராகிறதா? தோள் மணிக்கட்டுக்கு மேலே வருகிறதா, அல்லது பின்தங்கி நிற்கிறதா? தோள் திறக்கவில்லை என்றால் அந்தக் குறையையும் இடுப்புதான் கட்டும்.

பாயான்பாரு
நேற்று எடுத்துப் பார்த்தேன் டீச்சர். இடுப்பில் ஒரு மடிப்பு, மேலே முழங்கை பாதி மடங்கித் தோள் பின்தங்கி நிற்கிறது. இத்தனை நாள் நன்றாகச் செய்கிறேன் என்றே எண்ணிக்கொண்டிருந்தேன்! மணிக்கட்டும் வலிக்கிறது, அதைச் சொல்ல மறந்துவிட்டேன். வேர்வையில் கை வேறு வழுக்குகிறது. மின்விசிறி ஓடினாலும் இந்த ஊர்ப் புழுக்கத்தில் மேட் குளமாகிவிடுகிறது.

கயிறும்_நாற்காலியும்
மணிக்கட்டு வலிப்பதற்கும் தோள் பின்தங்குவதற்கும் சம்பந்தம் உண்டு. தோள் மேலே வராவிட்டால் மணிக்கட்டு தொண்ணூறு பாகைக்கு மேலும் மடிய வேண்டியிருக்கும். இரண்டு பிளாக்கைச் சுவரோரம் சாய்வாக முட்டுக்கொடுத்து அதன்மேல் உள்ளங்கை வைத்தால் மடிப்பு குறையும். பிளாக் நழுவாமல் இருக்க அடியில் மேட் இருக்கட்டும். கால்பக்கம் உயர்த்துவது இன்னொரு வழி.

தோளுக்கு: இரண்டு முழங்கையையும் நாற்காலி இருக்கையில் வைத்து, மண்டியிட்டு, தலையைக் கைகளுக்கு நடுவே தொங்கவிடுங்கள். உள்ளங்கைகள் பிட்டத்துப் பக்கம்... மன்னிக்கவும், பேரன் தட்டச்சு செய்கிறான், பிடரிப் பக்கம் மடங்கி வர வேண்டும். அக்குள் இழுக்கும். அதுதான் வேண்டும்.

வேர்வைக்கு, வழவழப்பான மலிவு மேட்டை விட இயற்கை ரப்பர் மேட் பிடிக்கும். இல்லையென்றால் பழைய பருத்தித் துண்டை லேசாக நனைத்துக் கைவைக்கும் இடத்தில் விரியுங்கள். காய்ந்த துண்டு வழுக்கும், ஈரத்துண்டு பிடிக்கும்.

கீழ்வீட்டுக்காரன்
அடுக்குமாடியில் கீழ்வீட்டில் இருக்கிற என்போன்றவர்களின் சார்பில் ஒரு வேண்டுகோள். மேல்வீட்டு அம்மா தினமும் ராத்திரி பத்து மணிக்குத் "தொம்" என்று ஏதோ போடுகிறார். நான் அம்மிக்கல் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இந்த இழையைப் படித்த பிறகு சந்தேகம் வருகிறது.

தட்டுக்கழி
சிரித்துவிட்டேன். ஆனால் அந்தத் "தொம்"தான் கிள்ளலுக்குக் காரணமாக இருக்கலாம். பாயான்பாரு இறங்கும்போது வலிக்கிறது என்றுதானே எழுதினார்? களைத்துப்போய்க் காலை விட்டுவிட்டால் புட்டம் முதலில் விழும், இடுப்பு அந்த வளைவோடேயே இடிபடும். முழங்கை மடிய, முகவாயை நெஞ்சுக்குக் கொண்டுவந்து, தலையின் பின்பக்கம், தோள், நடுமுதுகு, கடைசியில் இடுப்பு என்று வரிசையாக இறக்க வேண்டும். அப்படி இறங்கத் தெம்பு மிச்சமிருக்கும்போதே இறங்கிவிட வேண்டும். ஒரேயடியாக நீண்ட நேரம் நிற்பதை விடச் சின்னச் சின்னதாகப் பல தடவை ஏறி இறங்குவது மேல்.

முதல்பதிவு
நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். எனக்குக் கண் அழுத்த நோய், சொட்டு மருந்து போடுகிறேன். சக்கராசனம் செய்யலாமா?

வலிக்குது_சார்
தலை நெஞ்சுக்குக் கீழே தொங்கும் நிலைகளில் கண் அழுத்தம் ஏறும், அதோமுக சுவானாசனத்தில்கூட. கண் டாக்டரைக் கேட்காமல் எதுவும் வேண்டாம். அவரிடம் "யோகா செய்யலாமா" என்று மட்டும் கேட்டால் "செய்யுங்கள்" என்றுதான் சொல்வார். போனில் படத்தைக் காட்டிக் கேளுங்கள்.

செந்தூல்_பழசு
நாற்காலி நாற்காலி என்கிறீர்களே, எந்த நாற்காலி? கல்யாண மண்டபத்துச் சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலியில் யாரும் படுத்துவிடாதீர்கள். மொசைக் தரையில் அதன் கால் நாலு பக்கமும் விரியும், ஒருநாள் பட்டென்று போகும். எனக்கு வெல்டிங் பட்டறை இருந்தது, சொல்கிறேன். மடக்குகிற இரும்பு நாற்காலி வாங்குங்கள், முதுகுத் தகட்டை ரிவெட்டை அறுத்து எடுத்துவிடுங்கள், சட்டம் அப்படியே இருக்கட்டும். அறுத்த விளிம்பை அரத்தால் தேய்த்து மழுக்க வேண்டும், இல்லையென்றால் முதுகைக் கிழிக்கும். காலுக்கு ரப்பர் மூடி.

கயிறும்_நாற்காலியும்
அண்ணே, நீங்கள்தான் எங்கள் ஆள்! அதே நாற்காலிதான். அந்தச் சட்டத்துக்குள் காலை விட்டு உட்கார்ந்து, பின்னால் சாய்ந்து, தோள்பட்டை எலும்பின் கீழ்முனை இருக்கையின் முன்விளிம்பில் படும்படி படுத்தால் விபரீத தண்டாசனம். விளிம்பில் போர்வை மடித்துப் போடுங்கள். தலை அந்தரத்தில் தொங்கினால் கழுத்து தாங்காது, அடியில் தலையணை அடுக்கிக்கொள்ளுங்கள். சக்கராசனத்துக்கு முன்னால் இதில் இரண்டு மூன்று நிமிடம் இருந்தால் பாதி வேலை முடிந்தது.

தூக்கத்துக்கு வருகிறேன். பின்வளைவு உடம்பைக் கிளப்பிவிடும், அதனால்தான் காலையில் செய்யச் சொல்வார்கள். விலா விரிந்தே இருப்பதால் மூச்சு மேலோட்டமாக ஓடும், அதுவே ஒரு பதற்றம். இழுப்பதை விட்டுவிட்டு, விடும் மூச்சை நீட்டுங்கள். முடிந்த பிறகு ஆறுவதற்கு இருபது நிமிடமாவது ஒதுக்குங்கள். கெண்டைக்காலை நாற்காலி இருக்கையில் வைத்து, இடுப்பு முழுவதும் தரையில் படியப் படுப்பது எனக்குத் தெரிந்து இதற்கு நல்லது. கண்மேல் ஒரு துணி. பதிவில் சவாசனம் எத்தனை நிமிடம்?

பாயான்பாரு
மூன்று நிமிடம். அதிலும் பாதி நேரம் அவர் அடுத்த வார வகுப்பு நேரத்தைச் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

அஷ்டாங்கி
சாயங்காலம் கோப்பி ஓ (பால் இல்லாத காப்பி) உண்டா?

பாயான்பாரு
உண்டு, ஏழு மணிக்கு. சரி, புரிகிறது.

பாயான்பாரு
திரும்பி வந்து எழுதுகிறேன். கிளினிக்கில் காட்டினேன். டாக்டர் முன்னும் பின்னும் வளையச் சொல்லி, காலைத் தூக்கிப் பார்த்து, இப்போதைக்குப் படம் எடுக்கத் தேவையில்லை, சில வாரம் சக்கராசனத்தை விடுங்கள் என்றார். பின்வளைவை வார இறுதிக் காலைக்கு மாற்றிவிட்டேன். வாரநாள் ராத்திரிகளில் போர்வைச் சுருளும் முறுக்கலும் மட்டும். சுவர் உஷ்ட்ராசனத்தில் என் கை குதிகாலுக்குப் பக்கத்தில்கூடப் போகவில்லை, பிளாக்கை உயரமாக நிறுத்தித்தான் தொட்டேன். மறுநாள் தொடை முன்பக்கமும் மேல்முதுகும் வலிக்கிறது, அந்த ஒரு விரல் இடம் சும்மா இருக்கிறது. தூக்கம் வருகிறது.

கபோதாசனத்தை மட்டும் என்ன செய்வது? பதிவில் அதுதான் உச்சம். அதை விட்டால் வகுப்பு பாதியில் நின்ற மாதிரி இருக்கிறது.

கயிறும்_நாற்காலியும்
விடுங்கள். அந்தப் பதிவில் உங்கள் மாஸ்டர் ஒவ்வொருவராகப் போய்க் கையைப் பிடித்துக் காலருகே கொண்டுவருகிறாரா இல்லையா?

பாயான்பாரு
ஆமாம், இரண்டு பேருக்கு அப்படித்தான் செய்கிறார்.

கயிறும்_நாற்காலியும்
அப்படியானால் அது அந்த அறைக்கான ஆசனம், உங்கள் ஹாலுக்கானது இல்லை. அந்த இடம் வந்ததும் நிறுத்திவிட்டு நாற்காலியில் போய்ப் படுங்கள். மிச்ச நேரம் முழுவதும் ஆறுவதற்கு. சக்கராசனத்தைத் திரும்பத் தொடங்கும்போது பக்கவாட்டுப் படம் ஒன்று இங்கே போடுங்கள், முகம் தெரியாமல்.

செந்தூல்_பழசு
பினாங்கில் மடக்கு நாற்காலி கிடைக்கவில்லை என்றால் சொல்லுங்கள். என்னிடம் இரண்டு சும்மா கிடக்கிறது, தகட்டை எடுத்து வைக்கிறேன். தைப்பூசத்துக்கு உங்கள் ஊர்த் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு வருவேன், காரில் போட்டுக்கொண்டு வருகிறேன்.